மகள் படித்துவிட்டுத் தந்த ஐந்து நாவல்கள்

போன வருஷம் மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த மறுநாளே, "ஒரு மாசத்துக்குப் பாடப் புத்தகத்தைக் கண்ணுல காட்டாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஒரு தடிமனான ஆங்கில நாவலோடு கட்டிலில் சாய்ந்தாள். மூன்று நாள் சாப்பிடக் கூப்பிட்டாலும் புத்தகத்தோடுதான் வந்தாள். நாலாம் நாள் மத்தியானம் கண் சிவந்து, முகம் வீங்கி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. என்ன கண்ணு என்று கேட்டால், ஒண்ணுமில்லை, கதை முடிஞ்சிருச்சு என்றாள். பதினைந்து வயதுப் பிள்ளையை ஒரு கதை இப்படி அழவைக்கிறது என்றால் அதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்க நானே எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

எங்களுக்குச் சேலம் சிவதாபுரத்தில் சின்னதாக ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. எடை, கூலி, கணக்கு எல்லாம் என் பொறுப்பு. நான் தமிழ் மீடியத்தில் படித்தவள், ஆங்கிலத்தில் அதுவரை ஒரு நாவல்கூட முழுதாகப் படித்ததில்லை. இரண்டு மணிக்கு மேல் பட்டறையில் சத்தம் கொஞ்சம் அடங்கும். அந்த நேரத்தில் தராசுக்குப் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, தெரியாத வார்த்தைக்குப் போனில் அர்த்தம் பார்த்துப் பார்த்து, முதல் நாவலை முடிக்க ஐந்து வாரம் ஆனது. அப்புறம் விட முடியவில்லை. அவள் முடித்துத் தரத் தர நான் எடுத்தேன், இதுவரை ஐந்து ஆகிவிட்டது. எல்லாமே யங் அடல்ட் என்று கடைகளில் தனி அலமாரியில் வைக்கிறார்களே, அந்த வகை, தமிழில் இளையோர் நாவல். பிள்ளைக்கு எதை வாங்கிக் கொடுக்கலாம் என்று தெரியாமல் நிற்கிற அம்மா அப்பாக்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன், பிள்ளைகளும் படித்தால் சந்தோஷம்.

அந்த முதல் புத்தகம் ஏஞ்சி தாமஸ் எழுதிய 'தி ஹேட் யூ கிவ்', 2017-ல் வந்தது. ஸ்டார் என்ற பதினாறு வயதுக் கறுப்பினப் பெண், பார்ட்டி முடிந்து சின்ன வயசுத் தோழன் கலீலோடு காரில் வருகிறாள். போலீஸ் நிறுத்துகிறது. கலீலின் கையில் ஒன்றுமே இல்லை, அவள் கண் முன்னால் சுட்டுவிடுகிறார்கள். துப்பாக்கி என்று அந்த அதிகாரி நினைத்தது தலைவாரும் பிரஷ். சம்பவத்தைப் பார்த்த ஒரே சாட்சி அவள்தான், வாயைத் திறப்பதா மூடிக்கொள்வதா என்பதுதான் கதை. 2009-ல் அமெரிக்காவில் ஆஸ்கர் கிராண்ட் என்ற இளைஞரை ரயில் நிலையத்தில் போலீஸ் சுட்டுக் கொன்றபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஏஞ்சி தாமஸ் அந்தக் கோபத்தில் எழுதிய சிறுகதைதான் பின்னால் இந்த நாவலாக வளர்ந்தது.

இதில் என்னை நிறுத்தி வைத்த இடம் துப்பாக்கிச் சூடு இல்லை. அதற்குச் சற்று முன்னால், ஸ்டார் ஒன்றை நினைத்துக்கொள்கிறாள். அவளுக்குப் பன்னிரண்டு வயசாகும்போது வீட்டில் உட்கார வைத்து இரண்டு விஷயம் பேசியிருக்கிறார்கள். ஒன்று, வயசுக்கு வருகிற பிள்ளைகளிடம் எல்லா வீட்டிலும் பேச வேண்டியது. இன்னொன்று, போலீஸ் நிறுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்பது. கை வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொள், திடீரென்று அசையாதே, கேட்டால் மட்டும் பதில் சொல். அவளுடைய அம்மாவுக்கே அந்த வயசுப் பிள்ளையிடம் இதையெல்லாம் பேசுவதில் தயக்கம்தான், ஆனாலும் பேசுகிறார்கள்.

இந்தப் பக்கத்தைப் பற்றி மகளிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் ஒன்று கேட்டாள். 2020 ஜூன் மாதம், ஊரடங்கு நேரம், சாத்தான்குளத்தில் மொபைல் கடை வைத்திருந்த அப்பாவும் மகனும் போலீஸ் விசாரணைக்குப் பிறகு இறந்துபோன செய்தி டிவியில் ஓடிக்கொண்டே இருந்த நாட்கள். அவளுக்கு அப்போது பத்து வயசு. அவள் கூடத்துக்கு வந்தாலே என் வீட்டுக்காரர் ரிமோட்டை எடுத்து அணைத்துவிடுவார், நானும் சரி என்றுதான் இருந்தேன். "அன்னைக்கு ஏம்மா டிவிய ஆஃப் பண்ணீங்க? எனக்கு அப்பவே தெரியும், கிளாஸ்ல எல்லாரும் பேசிக்கிட்டாங்க. உங்ககிட்ட கேக்கத்தான் பயமா இருந்துச்சு." என்ன பதில் சொல்வது? நாங்கள் அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம், அவள் அத்தனை நாளும் அதைத் தனியாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

அன்றிலிருந்து இந்த வகை நாவல் எதைப் படித்தாலும் நான் முதலில் பார்ப்பது, இதில் பெரியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதைத்தான். நிறைய இளையோர் கதைகளில் அம்மா அப்பாவை ஆரம்பத்திலேயே அப்புறப்படுத்திவிடுகிறார்கள். ஒன்று செத்திருப்பார்கள், இல்லையென்றால் குடித்துவிட்டுக் கிடப்பார்கள், அதுவும் இல்லையென்றால் ஒன்றும் புரியாத மண்டூகங்களாக இருப்பார்கள். பிள்ளை தனியாக எல்லாவற்றையும் சாதிக்க வேண்டுமே, அதற்கு அது வசதி. 'தி ஹேட் யூ கிவ்' அந்தச் சுலபமான வழியில் போகவில்லை. ஸ்டாரின் அப்பா மேவரிக் ஜெயிலுக்குப் போய் வந்தவர், மளிகைக் கடைக்காரர், வீட்டில் ரோஜா வளர்ப்பவர், கோபக்காரர், தப்பும் செய்கிறவர். அவரையே பிள்ளைகள் கண் முன்னால் கடை வாசலில் போலீஸ் தரையில் குப்புறப் படுக்க வைக்கிற இடம் வருகிறது. தன் அப்பாவை அந்த நிலையில் பார்க்கிற ஒரு பெண்ணின் மனசை ஏஞ்சி தாமஸ் எழுதியிருக்கிற விதம் என்னால் மறக்க முடியாது. அழுகை என்று ஒரு வார்த்தைகூடப் பெரிதாகச் சொல்லாமல் நம்மை அழவைக்கிறார். அப்பா பலமாக இருக்கும்போது மட்டும் இல்லை, பலம் இல்லாமல் போகும்போதும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. நடுவில் பள்ளித் தோழிகளோடு வருகிற சண்டை தேவைக்கு மேல் நீளம். பேச்சு வழக்கு ஆங்கிலம் அதிகம், ஆங்கில மீடியம் பிள்ளைகளுக்கே முதல் நாற்பது ஐம்பது பக்கம் தடுக்கும், அதற்குள் மூடி வைத்துவிடாதீர்கள். கெட்ட வார்த்தைகளும் உண்டு. அதற்காகவும் போலீஸைப் பற்றி எழுதியிருப்பதற்காகவும் அமெரிக்காவிலேயே சில பள்ளிகளில் இதை எடுக்கச் சொல்லிப் புகார் போயிருக்கிறது. நான் பதினான்கு வயசுக்கு மேல் தாராளமாகக் கொடுப்பேன்.

இரண்டாவது, ஜே ஆஷரின் 'தர்ட்டீன் ரீசன்ஸ் வொய்'. 2007-ல் வந்தது, 2017-ல் நெட்பிளிக்ஸில் தொடராக வந்ததால் பிள்ளைகள் எல்லோருக்கும் பேர் தெரியும். இதை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு பெண், அதற்கு முன் ஏழு கேசட்டில் பதின்மூன்று பக்கம் பேசிப் பதிவு செய்து, தன்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் என்று அவள் நினைக்கிறவர்களுக்கு ஒவ்வொருவராகப் போய்ச் சேரும்படி செய்கிறாள். படிக்க விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது, ஒரே மூச்சில் போகும். எனக்குக் கோபமே அந்த விறுவிறுப்பின் மேல்தான். செத்த பிறகும் அவள் பேசிக்கொண்டிருக்கிறாள், எல்லோரும் கேட்கிறார்கள், எல்லோரும் வருந்துகிறார்கள். செத்தால்தான் நம் பேச்சுக்குக் காது கிடைக்கும் என்று மனசு உடைந்திருக்கிற ஒரு பிள்ளைக்குத் தோன்றிவிட்டால்? கடைசியாக அவள் உதவி கேட்டுப் போகிற பள்ளி ஆலோசகர் அவளைத் தடுத்து உட்காரவைக்காமல் போகவிடுகிறார். பெரியவர்கள் இப்படி நழுவவிடுவது நிஜத்தில் நடப்பதுதான், மறுக்கவில்லை. ஆனால் கேட்கத் தெரிந்த ஒரே ஒரு பெரியவரையாவது அந்தக் கதைக்குள் வைத்திருக்கலாமே. பிளஸ் டூ ரிசல்ட் வருகிற வாரத்தில் நம் ஊர்ப் பக்கம் என்னென்ன செய்தி காதில் விழுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். உங்கள் பிள்ளை ஏற்கெனவே இதைப் படித்திருந்தால் திட்ட வேண்டாம், நீங்களும் படித்துவிட்டு அதைப் பற்றி உட்கார்ந்து பேசுங்கள். அரசு நடத்தும் மனநல உதவி எண், டெலி மானஸ், 14416, நாங்கள் பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

போகட்டும், மூன்றாவதுக்கு வருகிறேன். அரையாண்டு லீவுக்கு ஏற்காட்டில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். டிசம்பர் மாசம், மத்தியானம் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கி எதிர் வீடு தெரியவில்லை. வீட்டுக்குப் பின்னால் காப்பித் தோட்டம், நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரங்கள், அதில் ஏறிய மிளகுக் கொடி. ராத்திரி கரண்ட் போய்விட்டது. மகள் போன் வெளிச்சத்தில் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' படித்துக்கொண்டிருந்தாள், கேட்டால் சத்தம் போட்டு வாசித்துக்காட்டுகிறேன் என்றாள். அப்படித்தான் அதில் பாதியை நான் கேட்டே படித்தேன். கானர் என்ற பதின்மூன்று வயசுப் பையனின் ஜன்னலுக்கு வெளியே நள்ளிரவு தாண்டி ஏழு நிமிஷத்துக்கு ஒரு மரம் எழுந்து நடந்து வந்து நிற்கிறது, நான் உனக்கு மூன்று கதை சொல்வேன், நாலாவதை நீ சொல்ல வேண்டும் என்கிறது. அம்மாவுக்குப் புற்றுநோய். ஜன்னலில் சில்வர் ஓக் கிளை உரசிக்கொண்டிருந்த அந்த இரவில் கேட்டதாலோ என்னவோ, எனக்கு இதுதான் ஐந்திலும் முதலிடம்.

இந்த நாவலின் கரு ஷிவோன் டவ்ட் என்ற எழுத்தாளருடையது. எழுதி முடிப்பதற்குள் 2007-ல் அவரே புற்றுநோயில் இறந்துவிட்டார். அவர் விட்டுப்போன குறிப்பை எடுத்து பேட்ரிக் நெஸ் எழுதினார், ஜிம் கே படம் வரைந்தார், 2011-ல் வந்தது. எழுத்துக்கும் படத்துக்கும் என்று இங்கிலாந்தில் தனித்தனியாகத் தரப்படுகிற இரண்டு பெரிய விருதுகளும் மறு வருஷமே இந்த ஒரே புத்தகத்துக்குக் கிடைத்தன. கறுப்பு வெள்ளைப் படங்கள் எழுத்துக்குள் புகுந்து பரவியிருக்கும், அதனால் படம் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள், படம் இல்லாமலும் ஒரு பதிப்பு உண்டு.

இதில் வரும் பாட்டியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பேரனுக்கும் அவருக்கும் ஒத்தே போகாது. கட்டுசெட்டான பெண்மணி, எதையும் தொடக்கூடாத கூடம், பழைய காலத்துக் கடிகாரம். ஒரு நாள் கானர் தன்னை மறந்து அந்தக் கூடத்தையே அடித்து நொறுக்கிவிடுகிறான். பாட்டி வந்து பார்க்கிறார். அடிப்பார், கத்துவார் என்று நாம் பயந்துகொண்டிருக்க, அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வருகிறது, அப்புறம் உடையாமல் மிச்சமிருந்த அந்த ஒரே கண்ணாடி அலமாரியையும் தன் கையாலேயே இழுத்துத் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுகிறார். மகள் இதை வாசித்து நிறுத்தியதும் இருட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அக்காதான், "பெத்தவளுக்கு இருக்காதா பின்ன" என்றாள். அந்த இருட்டில் அவளுக்கு விளங்கியது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. சாகப் போகிறவள் கானருக்கு அம்மா, பாட்டிக்கு மகள். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே துக்கத்தை ஒருவருக்கொருவர் காட்டாமல் வைத்திருக்கிறார்கள்.

பன்னிரண்டு வயசிலிருந்தே படிக்கலாம், ஆங்கிலம் எளிது, 200 பக்கம் சொச்சம்தான். வீட்டில் யாராவது அந்த நோயோடு இருந்தால் மட்டும் பெரியவர்கள் முதலில் படித்துவிட்டு, பிள்ளையின் மனசைப் பார்த்துக் கொடுங்கள். ஆனால் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

நாலாவது 'எ டைம் டு டான்ஸ்', எழுதியவர் பத்மா வெங்கட்ராமன், கடலியல் படித்தவர், அமெரிக்காவில் இருக்கிறார். 2014-ல் வந்தது. கதை முழுக்கச் சென்னையில். வேதா என்ற பெண்ணுக்குப் பரதம்தான் உயிர், போட்டியில் ஜெயித்த கையோடு ஒரு விபத்தில் முழங்காலுக்குக் கீழே காலை இழக்கிறாள். இதை நான் பட்டறையில் கொலுசு நிறுத்துக்கொண்டே படித்தேன். எங்கள் தொழிலில் எல்லாமே ஜோடிக் கணக்குதான். இரண்டையும் சேர்த்துத் தட்டில் வைத்து, எடை எழுதி, ஒன்றோடு ஒன்று கோர்த்துக் கவரில் போடுவோம். எப்போதாவது ஒரு கொலுசில் பற்றவைத்த இடம் விட்டுப்போய்ச் சரிசெய்ய முடியாமல் ஆகிவிட்டால் இன்னொன்று ஒற்றையாக மீந்துவிடும், அதை யாரும் வாங்க மாட்டார்கள், உருக்கத்தான் போகும். அன்று மேசை டிராயரில் அப்படி ஒரு ஒற்றை கிடந்தது. வேதாவை அவள் குருவே இனி ஆட முடியாது என்று கைவிடுகிற பக்கத்தைப் படித்துவிட்டு அந்தக் கொலுசைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

செயற்கைக் காலோடு அவள் திரும்ப அடிப்படை அடவிலிருந்து தொடங்குகிறாள். கைதட்டலுக்காக ஆடியவள் எதற்காக ஆடுகிறோம் என்று தன்னையே கேட்க ஆரம்பிக்கிற இடம்தான் புத்தகத்தின் நெஞ்சு. இங்கேயும் ஒரு பாட்டி இருக்கிறார், பேத்தியின் ஆட்டத்தை முதலிலிருந்தே புரிந்துகொண்டவர். இன்ஜினியரிங் படிக்கட்டும் என்று நினைக்கிற அம்மாவும் வில்லி இல்லை, பயந்துபோன ஒரு அம்மா, அவ்வளவுதான். அந்த அம்மாவை எனக்கு நன்றாகவே தெரியும். முழுக்க வசனகவிதையாக எழுதியிருப்பதால் வரிகள் குட்டி குட்டியாக ஓடும், ஆங்கிலத்தில் முதல் நாவல் படிக்கிற தமிழ் மீடியம் பிள்ளைக்கு இதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரிந்து இல்லை, பாட்டி, தாளம், சலங்கை எல்லாம் நம்முடையதாகவே இருப்பதால் போனில் அர்த்தம் தேட வேண்டிய வேலையும் குறைவு. முடிவு மட்டும் எனக்குக் கொஞ்சம் சீக்கிரம் சரியாகிவிட்ட மாதிரி இருந்தது.

தமிழிலேயே இப்படி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, கொஞ்சமாக. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', பாலியல் தொந்தரவைப் பற்றிக் குழந்தைகளிடம் எப்படிப் பேசுவது என்று திண்டாடுகிற எந்தப் பெற்றோரும் வாங்க வேண்டிய புத்தகம். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடிக்குக் கூட்டிக்கொண்டு போகும். இரண்டும் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியவை. என் தங்கை மகன் ஏழாவது படிக்கிறான், இரண்டையும் விரும்பிப் படித்தான். ஆனால் பதினைந்து, பதினாறு வயசுக்கு? சேலம் புத்தகத் திருவிழாவில் ஒவ்வொரு ஸ்டாலாக மகளோடு ஏறி இறங்கினேன். படக்கதை இருக்கிறது, அதைத் தாண்டினால் நேராக 'பொன்னியின் செல்வன்' இருக்கிறது, நடுவில் நீட் கைடு அடுக்கி வைத்திருக்கிறார்கள். தன் வயசுப் பெண் தன் ஊரில் என்ன படுகிறாள் என்று சொல்கிற தமிழ் நாவல் ஒன்று வேண்டும் என்று அவள் கேட்டதற்குக் கடைக்காரர்களால் எடுத்துக் காட்ட முடியவில்லை. அவள் பள்ளியில் நூலகம் என்று ஒரு பீரோ உண்டு, சாவி யாரிடம் இருக்கிறது என்று இரண்டு வருஷமாகத் தேடுகிறார்கள். அம்மாப்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பெண்ணையோ, பட்டறையில் லீவு நாளில் அப்பாவுக்குக் கை உதவுகிற பையனையோ வைத்து யாராவது எழுதுங்கள். முதல் பிரதியை நான் வாங்குகிறேன்.

கடைசியாக, ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்'. இதுவும் 2017, இதுவும் வசனகவிதை. இதில் ஒரு எச்சரிக்கை. விலை குறைவாக இருக்கிறதே என்று ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினோம், வந்தது பைரசி காப்பி. தாள் ஓரத்தை ஒட்ட வெட்டியதில் வரிகளின் முனை போய்விட்டது, ஒரு பார்ம், அதாவது சேர்த்து அச்சடித்து மடித்த பக்கக் கட்டு, இரண்டு முறை வந்து அடுத்த பார்ம் காணவில்லை. சாதாரண நாவலிலேயே எரிச்சல்தான், ஆனால் இந்தப் புத்தகத்தில் எழுத்து பக்கத்தில் எங்கே நிற்கிறது, எவ்வளவு வெள்ளை விட்டிருக்கிறது என்பதெல்லாம் கதையின் ஒரு பகுதி, அதை வெட்டினால் கதையையே வெட்டின மாதிரி. திருப்பி அனுப்பிவிட்டு ஒழுங்கான பிரதியை வாங்கினேன்.

வில்லுக்குப் பதினைந்து வயசு, அண்ணனை யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அழக் கூடாது, காட்டிக் கொடுக்கக் கூடாது, பழி வாங்க வேண்டும், இது அவர்கள் தெருவின் மூன்று விதி. அண்ணனின் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு எட்டாவது மாடியில் லிப்டில் ஏறுகிறான். ஒவ்வொரு மாடியிலும் லிப்ட் நிற்கிறது, ஒவ்வொரு மாடியிலும் ஒருவர் ஏறுகிறார், ஏறுகிறவர்கள் எல்லோரும் துப்பாக்கிக்குச் செத்தவர்கள். மொத்தக் கதையும் ஒரு நிமிஷத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் நடக்கிறது. கொலுசு வளையம் மாதிரி ஒரு சாவுக்குள் இன்னொரு சாவு கோர்த்துக்கொண்டே போகிறது. அவனிடம் உட்கார்ந்து பேச உயிரோடு ஒரு ஆண் துணை இல்லை, அப்பாவும் அப்பாவோடு கூடப்பிறந்தவரும் பேச வருவதே ஆவியாகத்தான். அம்மா மேலே வீட்டில் அழுதுகொண்டிருக்கிறாள். பெரியவர்களைக் கதையிலிருந்து எடுத்துவிட்ட நாவல்தான் இதுவும், ஆனால் வசதிக்காக எடுக்கவில்லை, அவர்கள் இல்லாமல் போனதுதான் கதையே. முடிவு ஒரு சின்னக் கேள்வியோடு நின்றுவிடும், அதை இங்கே சொல்ல மாட்டேன்.

இன்னொரு முறை ஏற்காடு போய்த் திரும்பும் பஸ்ஸில்தான் இதை முடித்தேன், கொண்டை ஊசி வளைவுகள் இருபதும் தாண்டுவதற்குள். மகள் ஜன்னலோரம், ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் பலகை வரும்போது, இப்ப யார் ஏறுவாங்கம்மா, இப்ப யார் ஏறுவாங்க என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவன் துப்பாக்கியோடு வெளியே போவானா, திரும்ப மேலே வீட்டுக்குப் போவானா என்று எங்களுக்குள் வாக்குவாதம். அம்மா மேலே தனியாக இருக்கிறாள், போக மாட்டான் என்றேன் நான். "அவங்கம்மா ஒரு தடவ அவங்கிட்ட பேசியிருந்தா போயிருக்க மாட்டாம்மா" என்றாள் அவள். அடிவாரத்தில் பஸ் நின்று ஆள் ஏறும்போதும் அதே பேச்சு, அஸ்தம்பட்டி தாண்டியும் முடியவில்லை. இப்போது புத்தகம் அவளுடைய அப்பாவிடம் இருக்கிறது, பாதி வந்திருக்கிறார்.